வெள்ளைச் சட்டை என்று எழுதியிருக்கிறது

பெப்ரவரி 11, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. மார்ச் 19, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால். பிரிஃபெக்சர் அலுவலகத்தில், பிரெஞ்சுக் குடியுரிமைக்கான நேர்முகம். இவர் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குசினிக்குள் ஒரு சுற்று ஆடினார். நான் அடுப்படியிலேயே நின்றேன்.

"பத்து வருசமாப் பாத்துக்கொண்டிருந்த கடிதம், சுகி. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" என்றார்.

"ஒண்டுமில்லை, பசி" என்றேன். பசி இல்லை.

பிரெஞ்சு வகுப்பு ரீச்சர் தினமும் நாலு வரி எழுதிப் பழகச் சொன்னாள். பிரெஞ்சில். நான் தமிழில் எழுதுகிறேன். பயத்தை எல்லாம் பிரெஞ்சில் எழுத எனக்கு வினைச்சொல் போதாது. இந்தக் கொப்பி அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். ஹோட்டலில் ஐம்பது பேருக்குச் சமைக்கிற இவருக்கு வீட்டில் அரிசி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

பெப்ரவரி 12, செவ்வாய்

நேர்முகத்துக்குப் போய் வந்தவர்களை எல்லாம் இவர் போனில் பிடித்துக் கேட்டுவிட்டார். ஐந்து ஆறுகளின் பெயர், புரட்சி நடந்த ஆண்டு, பெண்ணும் ஆணும் சமமா, இவ்வளவுதானாம். ஆனால் கடைசியாகப் பேசியவர் ஒரு குண்டைப் போட்டார். "உங்கடை மனிசி மியூசியத்திலை வேலை எண்டெல்லோ விண்ணப்பத்திலை போட்டிருக்கு? அப்ப கட்டாயம் ஓவியத்தைத்தான் கேப்பாங்கள்."

மியூசியத்தில் வேலைதான். நிலம் துடைக்கிற வேலை.

பெப்ரவரி 14, வியாழன்

மியூசியத்தின் பெயரை இதில் எழுத மாட்டேன். ஆறு வருடமாகக் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை அங்கே ஏழு அறைகள் என் பொறுப்பு. எந்த அறையின் பலகை எங்கே கிறீச்சிடும் என்று தெரியும். சுவரில் என்ன தொங்குகிறது என்று தெரியாது. ஓவியத்துக்கு ஒரு கை தூரத்துக்குள் போகக் கூடாது என்பது விதி. அதனால் நிமிர்ந்தே பார்த்ததில்லை. பார்த்தால் கிட்டப் போவேன், போனால் வேலை போகும்.

இன்று காவல் செய்கிற எவ்லினிடம் கேட்டேன். அவள் குவாதலூப் தீவுக்காரி, என் வயதுதான். மற்றக் காவலர்கள் நாற்காலியில் தூங்கும்போது இவள் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன தெரிய வேண்டும் உனக்கு?"

"எல்லாம். மார்ச் 19க்குள்."

அவள் சிரித்த சிரிப்பில் அறை அதிர்ந்தது. பிறகு என்னை முதலாம் அறைக்குக் கூட்டிப்போனாள். பெரிய பெரிய படங்கள். தேவதைகள், குதிரைகள், சாகிற ராசாக்கள். எல்லாம் மெழுகு போட்ட தரைபோல வழவழப்பு. தூரிகை பட்ட தடமே இல்லை.

"இது எப்படி வரையப்பட்டது தெரியுமா? அறைக்குள் இருந்து, யோசித்து யோசித்து. வரைந்தவன் அந்தச் சாவைப் பார்க்கவில்லை. ஆனால் எங்கே ரத்தம் வந்தால் பார்க்கிறவர் அழுவார் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இதற்குத்தான் பரிசு" என்றாள்.

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

பெப்ரவரி 17, ஞாயிறு

அம்மா வவுனியாவிலிருந்து போன் எடுத்தா. வீதியோரக் கொட்டகையில் இருந்துதான். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் இரண்டு வருடமாக அங்கே சுழற்சியில் இருக்கிறார்கள். அம்மாவின் முறை ஞாயிறும் புதனும். மடியில் தம்பி கஜீபனின் படம். பத்தொன்பது வயதில் எடுத்தது. அதற்குப் பிறகு எடுத்த படம் இல்லை.

"பிள்ளை, ஜெனிவாவிலை ஐ.நா.வுக்குக் குடுக்கப் புதுப் படிவம் ஒண்டு நிரப்பினம். மார்ச் 20ஆந் திகதி ஃபாதர் கொண்டு போறார். கடைசியாக் கண்ட ஆள் கையெழுத்து வைக்கோணுமாம். கடைசியா அவனைக் கண்டது நீதானே."

"ஓம்."

"அதிலை ஒரு கேள்வி, போகேக்கை என்ன உடுப்புப் போட்டிருந்தவன் எண்டு. நான்தான் முதலே பாலம் கடந்து ஆமிப் பக்கம் போயிட்டனே, எனக்கென்ன தெரியும்? என்ன நிறச் சேட்டு?"

"வெள்ளை" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. அம்மா பக்கத்தில் இருந்த ஆருக்கோ "வெள்ளைச் சேட்டு, எழுது" என்று சொல்வது கேட்டது. கையெழுத்துப் பேச்சு திரும்ப வருமுன் லைன் அறுந்ததுபோல் போனை வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 18, திங்கள்

என் அகதி வழக்கின் நகலை எடுத்து வாசித்தேன். இவர் வேலைக்குப் போன பிறகு, கதவைப் பூட்டிக்கொண்டு. ஆர் வரப் போகிறார்கள்? இருந்தாலும் பூட்டினேன்.

ஏழாம் பக்கம்: "2009 மே மாதம், என் கண் முன்னால், என் தம்பி சுடப்பட்டான். சீருடை அணிந்த இருவர் என் கைகளைப் பிடித்திருந்தனர். அவன் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். அது சிவப்பாக மாறுவதை நான் பார்த்தேன்."

பரராசா அண்ணை எழுதியது. பாரிஸ் லாச்சப்பலில், தமிழ்க் கடைத் தெருவில் வந்து இறங்குகிற எவரையும் முதலில் அவரிடம்தான் கூட்டிப்போவார்கள். நான் சொன்னதை அவர் கேட்டார். பிறகு அவர் எழுதினார். பிறகு நான் அதைப் பாடமாக்கினேன். அதிகாரி முன்னால் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். மொழிபெயர்த்த பெண் அழுதாள்.

அம்மா அவன் இருக்கிறான் என்று வெய்யிலில் குந்தியிருக்கிறா. நான் அவன் செத்துவிட்டான் என்று சத்தியம் செய்து இங்கே இருக்கிறேன். இப்போது "உயிரோடு கண்டேன்" என்று கையெழுத்து வைத்தால் ஏழாம் பக்கம் பொய். ஏழாம் பக்கம் பொய் என்றால் என் அகதிக் கார்ட் பொய். இவருடைய வழக்கு இரண்டு முறை தள்ளுபடியானது. என் கார்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் இவரும் இந்த நாட்டில் நிற்கிறார்.

பெப்ரவரி 22, வெள்ளி

எவ்லின் இரண்டாம் அறைக்குக் கூட்டிப்போனாள். இம்ப்ரெஷனிஸ்டுகள். பெரிய கண்காட்சிக்கு அனுப்பிய படங்களைத் திரும்பத் திரும்ப நிராகரித்தார்களாம். (வழக்குத் தள்ளுபடியான நம்மவர் மொழியில் ரிஜெக்ட்.) 1874இல் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். நக்கலுக்கு வைத்த பெயரே பெயராக நிலைத்துவிட்டது. அறையைவிட்டு வெளியே போய், ஆற்றங்கரையில் நின்று, அந்த நிமிடத்தில் கண்ணுக்குப் பட்டதை வரைந்தார்கள். மொனே ஒரே வைக்கோல் போரைக் காலையிலும் மாலையிலும் பனியிலும் வரைந்தானாம். ஊரில் இப்படி ஒருத்தன் செய்திருந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.

கிட்டத்தில் பார்த்தால் சரியாகத் துடைக்காத கண்ணாடி மாதிரி ஒரே திட்டுத் திட்டாக இருக்கிறது. தள்ளி நின்றால் ஆறு ஓடுகிறது.

"இந்தப் படத்தில் வெள்ளை எங்கே இருக்கிறது, காட்டு" என்றாள். பனி மூடிய ஒரு தெரு.

"எல்லாம் வெள்ளைதானே."

"பார்."

பார்த்தேன். நிழல் நீலம். கூரை இளஞ்சிவப்பு. பாதை மஞ்சளும் ஊதாவும். சும்மா வெள்ளை என்று ஓரிடம்கூட இல்லை. "வெள்ளை என்று நமக்கு யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். கண் அதைப் பார்ப்பதில்லை" என்றாள் எவ்லின், அவள்பாட்டுக்கு.

யுத்தத்தின் கடைசியில் மூன்று மாதம் பதுங்குகுழிக்குள் கிடந்தோம். சேலைகளைக் கிழித்து மண் மூட்டை தைத்தோம். குளிக்கத் தண்ணீர் இல்லை. அங்கே எவனிடம் இருந்தது வெள்ளைச் சட்டை?

பெப்ரவரி 23, சனி

பரராசா அண்ணையிடம் போனேன். இப்போது போன் கார்ட் கடைக்குப் பின்னால் ஒரு மேசை போட்டிருக்கிறார். மயிருக்கு மை அடித்திருக்கிறார்.

"அண்ணை, நான் உங்களுக்கு வெள்ளைச் சேட்டு எண்டு சொன்னனானோ?"

"பத்து வருசம் முந்தி நீர் சொன்னது எனக்கெப்பிடித் தங்கச்சி ஞாபகம்? வெள்ளை எண்டாத்தான் ரத்தம் தெரியும். அதுக்காகப் போட்டிருப்பன். எத்தினை பேருக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டிருக்கிறன்!"

"நான் என்ன நிறம் எண்டு சொன்னனான்?"

"நீர் ஒண்டும் சொல்லேல்லை. அழுதுகொண்டு இருந்தனீர். தண்ணி தண்ணி எண்டு ஏதோ சொன்னனீர். அதை வைச்சு ஒரு கேஸ் எழுத ஏலுமே?" கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஜெனிவாவுக்கும் பிரிஃபெக்சருக்கும் ரெண்டு கதை சொல்லாதையும். ரெண்டு பக்கமும் பேப்பர் இருக்கு. கவனம்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 1, வெள்ளி

நாலாம் அறை, செசான். ஒரு மேசை, ஒரு துணி, கொஞ்சம் ஆப்பிள். மேசையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒரே கோட்டில் இல்லை. தச்சன் பிழை விட்டானா என்று கேட்டேன். "இல்லை. அவன் ஒரு ஆப்பிளை நாள்கணக்கில் பார்ப்பான். கொஞ்சம் நகர்ந்து பார்ப்பான். பார்த்ததை எல்லாம் விட மனமில்லாமல் போட்டுவிட்டான். முந்தினவர்கள் ஒரு நிமிடத்தை வரைந்தார்கள். இவன் திரும்பத் திரும்பப் பார்ப்பதை வரைந்தான்."

நானும் திரும்பப் பார்க்க முயன்றேன். குழி. மண். அவன் குரல். அதற்குமேல் ஒன்றும் இல்லை. சட்டையும் இல்லை, அவன் முகமும் இல்லை. அந்த இடத்தில் ஏழாம் பக்கம் வந்து நிற்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

அம்மா போனில் அழுதா. சந்தோசத்தில்.

"பிள்ளை, முல்லைத்தீவு ஆள் ஒருத்தர் எங்கடை பதாகையைப் பாத்திட்டு வந்தவர். பாலத்தடியிலை ஆமி பெடியளை பஸ்ஸிலை ஏத்தேக்கை வெள்ளைச் சேட்டுப் போட்ட மெல்லிய பெடியன் ஒருத்தனைக் கண்டவராம். உயரம், வயசு எல்லாம் பொருந்துது! வெள்ளைச் சேட்டு, பிள்ளை!"

நான் என்ன செய்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

அம்மா பதாகையில் "வெள்ளைச் சட்டை" என்று சேர்த்து எழுதுவித்திருக்கிறா. படம் அனுப்பினா. ஏழு தரம் பார்த்தேன்.

மார்ச் 8, வெள்ளி

இன்று வேலை போயிருக்கும்.

ஐந்தாம் அறை. 1905இல் இந்த அறை ஓவியர்களின் படங்களைப் பார்த்துக் காட்டு விலங்குகள் என்று பெயர் வைத்தார்களாம். மரம் சிவப்பு, கடல் ஆரஞ்சு. கண்டதை வரைகிற காலம் போய், மனதில் பட்ட நிறத்தைப் பூசுகிற காலம் வந்துவிட்டது. இதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே துடைத்துப் போனேன். கடைசிச் சுவரில் ஒரு பெண்ணின் முகம். கண்ணுக்கு மேலே, நெற்றியில், பட்டையாகப் பச்சை.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும்.

எப்படிக் கிட்டப் போனேன் என்று தெரியாது. மணி அலறியது. எவ்லின் ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். துடைப்பம் விழுந்து, வாளி சரிந்து, தரை எல்லாம் தண்ணீர். படத்திலிருந்து என் மூக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது.

"சுகி! உனக்கு என்ன பைத்தியமா?"

நான் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தேன். அவள் வயர்லெஸ்ஸில் யாருக்கோ, "ஒன்றுமில்லை, நான்தான் கிட்டப் போய்விட்டேன்" என்றாள். எனக்காகப் பொய் சொன்னாள். எனக்காகப் பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

மார்ச் 9, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் திரும்பவும் ஏழாம் பக்கம் வந்து மூடிவிடும்.

எனக்குக் காய்ச்சல். குழிக்குள் நானும் கஜீபனும் மட்டும். அவன் தன் சட்டையின் இடது கையைக் கிழித்தான். போத்தலில் கடைசியாக இருந்த தண்ணீரில் நனைத்து என் நெற்றியில் போட்டான். துணி கண்ணையும் மூடிவிட்டது. விடிகிற நேரம். துணி வழியாக வெளிச்சம் பச்சையாக வந்தது. வாழைக் குருத்துப் பச்சை. நல்ல குளிராக இருந்தது.

நான் தண்ணீர் கேட்டேன். அவன், "அக்கா, ஷெல் நிக்கட்டும், போறன்" என்றான்.

நான், "இப்ப போ" என்றேன்.

துணியை எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்தால் குளிர் போய்விடும் என்று அப்படியே கிடந்தேன். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. என் கண் முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. என் கண் மூடியிருந்தது.

ஏழாம் பக்கத்தில் நான் அவனை அனுப்பவில்லை. இரண்டு பேர் என் கையைப் பிடித்திருக்கிறார்கள். அதை ஏன் அவ்வளவு நன்றாகப் பாடமாக்கினேன் என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 12, செவ்வாய்

இவருக்குச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்துவிட்டார்.

"இஞ்சையப்பா, ஏதும் சொல்லுங்கோ."

"பயமாக் கிடக்கு சுகி. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. திருப்பி அனுப்பினா எங்கை போறது?" பிறகு, "நேர்முகத்திலை ஒண்டும் சொல்லாதை. அம்மாவுக்கும் சொல்லாதை. பாவம், மனிசி சந்தோசமா இருக்கிறா" என்றார்.

எழும்பிப் போய் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டார்.

மார்ச் 15, வெள்ளி

ஆறாம் அறை. கியூபிசம். பிராக், பிக்காசோ. இதுவும் நக்கலில் பிறந்த பெயர்தானாம். ஒரு முகம், முன்னுக்கும் தெரிகிறது, பக்கவாட்டிலும் தெரிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை, கண் கூசுகிறது. எவ்லினிடம் சொன்னேன். "செசான் மேசையைக் கொஞ்சம் அசைத்தான், இவர்கள் உடைத்துவிட்டார்கள். ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் பொய்யாகிவிடும் என்று நினைத்திருக்கலாம்" என்றாள். ஏழாம் அறையில் ஆளும் இல்லை, மேசையும் இல்லை, நிறம் மட்டும்.

அம்மாவின் போன் நாலு தரம் அடித்தது. எடுக்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

நாளைக்குப் போடுகிற பிளவுஸை இவர் தானே அயன் பண்ணினார். ஒரு கை அயன் பண்ணி முடித்துவிட்டு, மற்றக் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "நீ என்ன சொன்னாலும் நான் வாசல்லை நிப்பன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

மார்ச் 19, செவ்வாய்

அதிகாரி தடிமன் பிடித்த ஒரு மனிதர். மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கேள்வி கேட்டார். ஆறுகள் ஐந்தும் சொன்னேன். புரட்சி சொன்னேன்.

"மியூசியத்தில் வேலையா? அங்கே என்ன இருக்கிறது?"

"முதலில் வழவழவென்று வரைந்தார்கள். பார்க்காததை எல்லாம் பார்த்த மாதிரி. பிறகு சிலர் வெளியே போய், கண்ணில் பட்டதை மட்டும் வரைந்தார்கள். பிறகு ஒருத்தர், ஒருமுறை பார்த்தால் போதாது என்று கண்டுபிடித்தார். பிறகு நிறம். பிறகு எல்லாப் பக்கமும் ஒன்றாக. கடைசியில் ஒன்றுமே இல்லை, நிறம் மட்டும்."

அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தப் பதிலை நான் இதுவரை கேட்டதில்லை" என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு தாளைப் புரட்டினார்.

"குடும்பம். ஒரு சகோதரர், 2009இல் காலமானார். சரியா? சரி என்றால் இங்கே கையெழுத்து."

பேனா என் கையில் இருந்தது. கீழே வாசலில் இவர் நிற்கிறார் என்ற நினைப்பு வந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன தெரியாது?"

"அவன் செத்தானா என்று. நான் பார்க்கவில்லை. என் கண்ணில் துணி இருந்தது. தண்ணீர் எடுத்துவர நான்தான் அனுப்பினேன். அவன் வரவில்லை. முன்னுக்குக் கொடுத்த தாளில் பார்த்தேன் என்று இருக்கிறது. அது நான் பார்த்தது இல்லை."

அவர் திரையில் எதையோ தேடி வாசித்தார். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார். இதை உங்கள் கையால் எழுதுங்கள், கோப்பில் சேர்க்க வேண்டும் என்றார். இதனால் என்ன நடக்கும் என்று கேட்டேன். என் கையில் இல்லை மதாம், கடிதம் வரும் என்றார். எழுதினேன். எழுத்தெல்லாம் கோணல். ஆண் பால் பெண் பால் எல்லாம் பிழைத்திருக்கும்.

வாசலில் இவர் என் முகத்தைப் பார்த்தார். என் குளிர்க் கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டார்.

மார்ச் 20, புதன்

வேலை முடிந்ததும் அம்மாவுக்கு எடுத்தேன். ஃபாதர் இன்னும் வரவில்லையாம், கொட்டகையில் காத்துக்கொண்டிருக்கிறாவாம். மியூசியத்தின் பின்வாசல் படியில் இருந்துகொண்டு சொன்னேன். வெள்ளை இல்லை அம்மா. பச்சை. வாழைக் குருத்துப் பச்சை. இடது கை கிழிஞ்சது. கிழிச்சது எனக்காக, காய்ச்சலுக்கு நனைச்சு நெத்தியிலை போட. தண்ணிக்குப் போகச் சொன்னது நான்.

போனில் அம்மாவுக்குப் பின்னால் வீதியில் பஸ் போகிற சத்தம் கேட்டது.

"அப்ப அந்த வெள்ளைச் சேட்டுப் பெடியன் எங்கடை ஆளில்லை."

"இல்லையம்மா."

"அது வேறை ஆரோ தாயின்ரை பிள்ளை."

"ஓம்."

அம்மா ஆரிடமோ, "அந்தப் பதிலை வெட்டிப் போட்டு எழுது, பச்சை" என்றா. எந்தப் பச்சை என்று கேட்டார்கள் போல. "குருத்துப் பச்சை. இடக்கை இல்லை. கடைசியாக் கண்ட ஆள், என்ரை மகள், கையெழுத்து அனுப்புவள்" என்றா. குரல் உடையவில்லை. இனி அம்மா என்னோடு கதைக்க மாட்டா என்று நினைத்தேன். பத்து வருடமாக நான் பயந்தது பிரிஃபெக்சருக்கு இல்லை, இந்த நிமிடத்துக்கு.

"பிள்ளை."

"சொல்லுங்கோ அம்மா."

"உனக்குக் காய்ச்சல் எண்டு நீ எனக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்லையே" என்றா. பிறகு கேட்டா: "அண்டைக்குப் பிறகு ஆர் உனக்குத் தண்ணி தந்தது?"